எஸ்.ஏ.டி.யா, ஏ.சி.டி.யா? பத்தாம் வகுப்பு மகளுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

கேள்வி: "சிகாகோ புறநகரில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு, 2028இல் பள்ளி முடிப்பாள். பதினொன்றாம் வகுப்பில் பள்ளியிலேயே ஏ.சி.டி. எழுத வைப்பார்களாம். ஆனால் தமிழ்ப் பள்ளியில் பார்க்கும் பெற்றோர் எல்லோரும் பிள்ளைகளை எஸ்.ஏ.டி. வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். பெரிய கல்லூரிகள் எஸ்.ஏ.டி.யைத்தான் மதிக்கும் என்பது உண்மையா? எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் எழுத வைக்கலாமா?"

உண்மையில்லை. இரண்டுமே அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதும் பொதுத் தேர்வுகள், கல்லூரிக்கு எது வந்தாலும் ஒன்றுதான். இரண்டையும் வீட்டில் ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடச் சொல்லுங்கள். இதுதான் என் பதில். ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. எந்தப் பாதி பழசாகிப் போனது என்று தெரியாமல் முடிவெடுத்தால் சிக்கல்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். பதினைந்து வருடமாக வார இறுதிகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வுகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். என் வீட்டிலேயே மகள் ஏ.சி.டி. எழுதினாள், மகன் எஸ்.ஏ.டி. எழுதினான்.

எஸ்.ஏ.டி. 1926இல் பிறந்தது. நடத்துவது காலேஜ் போர்டு என்ற அமைப்பு. கிழக்குக் கரையின் பழைய தனியார் கல்லூரிகளை ஒட்டி வளர்ந்த தேர்வு அது. ஏ.சி.டி. 1959இல் அயோவாவில் இ. எஃப். லிண்ட்குவிஸ்ட் என்ற பேராசிரியர் தொடங்கியது. நடு மேற்கிலும் தெற்கிலும் உள்ள மாநிலப் பல்கலைக்கழகங்களில்தான் அது முதலில் வேரூன்றியது. ஐவி லீக் எனப்படும் கிழக்குக் கரைப் பெரிய கல்லூரிகளுக்கு எஸ்.ஏ.டி., உள்ளூருக்கு ஏ.சி.டி. என்ற பேச்சு அந்தக் காலத்து மிச்சம். 2007 வாக்கிலேயே நாட்டின் நாலு வருடக் கல்லூரிகள் எல்லாம் இரண்டையும் ஏற்கத் தொடங்கிவிட்டன. நம்மவர்களிடம் மட்டும் அந்தப் பழைய பேச்சு இன்னும் ஓடுகிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பாவிடமோ கலிஃபோர்னியாவில் இருக்கும் கல்லூரித் தோழனிடமோ கேட்டுத்தானே முடிவெடுக்கிறோம்? அங்கே சுற்றிலும் எஸ்.ஏ.டி.தான்.

இல்லினாயில் குழப்பம் இன்னும் ஒரு படி அதிகம். இங்கே பல வருடம் பள்ளிகளில் ஏ.சி.டி. நடந்தது. 2017 முதல் 2024 வரை எஸ்.ஏ.டி.க்கு மாறினார்கள். 2025 வசந்தத்தில் மறுபடி ஏ.சி.டி.க்கே திரும்பிவிட்டார்கள். உங்கள் நண்பர்களின் மூத்த பிள்ளைகள் பள்ளியில் எழுதியது எஸ்.ஏ.டி., உங்கள் மகள் எழுதப்போவதோ ஏ.சி.டி.தான். மாநிலம் ஒப்பந்தத்தை மாற்றியதற்கும் எந்தத் தேர்வு உசத்தி என்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பள்ளியில் எழுதும் அந்த ஏ.சி.டி. மதிப்பெண்ணையும் கல்லூரிக்கு அனுப்பலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காசு கட்டாமல், பழகிய வகுப்பறையில், ஒரு வேலை நாளில் கிடைக்கும் வாய்ப்பு.

தேர்வே வேண்டுமா என்பதையும் பார்த்துவிடலாம். 2020இல் கொரோனா வந்தபோது ஏறக்குறைய எல்லாக் கல்லூரியும் 'டெஸ்ட் ஆப்ஷனல்' ஆனது. மதிப்பெண் அனுப்பினால் பார்ப்போம், அனுப்பாவிட்டால் குறையில்லை என்றார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பின. எம்.ஐ.டி. 2022 மார்ச்சிலேயே மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியது. 2024இல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக், கார்னெல் என்று வரிசையாக அறிவிப்பு வந்தது. ஸ்டான்ஃபோர்டும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் பின்னாலேயே வந்தன. யேல் கொஞ்சம் வித்தியாசம்: எஸ்.ஏ.டி., ஏ.சி.டி., பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படித்து எழுதும் ஏ.பி., ஐ.பி. என்ற நாலில் ஏதாவது ஒன்று போதும் என்கிறது. பிரின்ஸ்டன் 2027-28 சுற்றிலிருந்து கட்டாயம் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் மகள் விண்ணப்பிக்கும் சுற்று சரியாக அதுதான். பக்கத்து மாநிலத்துப் பர்டியூ, நம் பிள்ளைகள் இன்ஜினியரிங்குக்குக் கூட்டமாகப் போடும் இடம், அதுவும் மதிப்பெண் கேட்கிறது. ஜார்ஜியா டெக்கும் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகமும் அப்படியே.

மறுபக்கம், கொலம்பியா 2023இல் நிரந்தரமாக டெஸ்ட் ஆப்ஷனல் ஆகிவிட்டது. நம்மூர் சிகாகோ பல்கலைக்கழகம் கொரோனாவுக்கு முன்பே, 2018லேயே, அப்படி ஆன இடம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ, அதாவது பெர்க்லியும் யு.சி.எல்.ஏ.யும் அடங்கிய குடும்பம், மதிப்பெண்ணை அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்க்காது. அங்கே மட்டும் போடுவதாக இருந்தால் இந்தப் பதிலையே நீங்கள் படிக்க வேண்டாம்.

இந்தப் பட்டியல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறது. அதனால் வாட்ஸ்அப்பில் வரும் அட்டவணையை நம்பாமல் அந்தந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தையே பாருங்கள். ஆனால் போகும் திசை தெளிவு. 2028 கோடையில் பெரிய கல்லூரிக்குக் கிளம்பும் பிள்ளைக்கு ஏதோ ஒரு மதிப்பெண் கையில் இருந்தே ஆக வேண்டும்.

இனி தேர்வுகளுக்கே வருவோம். இங்கேதான் பழைய அறிவுரை பிள்ளைகளைக் கவிழ்க்கிறது.

எஸ்.ஏ.டி. இப்போது முழுக்கக் கணினியில். அமெரிக்காவில் 2024 மார்ச்சில் மாறியது, வெளிநாடுகளில் அதற்கு ஒரு வருடம் முன்பே. மொத்தம் 2 மணி 14 நிமிடம். ஆங்கிலப் பகுதியில் 54 கேள்விகள், 64 நிமிடம். கணிதத்தில் 44 கேள்விகள், 70 நிமிடம். ஒவ்வொரு பகுதியும் இரண்டு மாட்யூலாகப் பிரிந்திருக்கும். முதல் மாட்யூலில் எப்படிச் செய்கிறாள் என்பதைப் பொறுத்து இரண்டாவது மாட்யூல் கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிது வந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அந்தப் பாதையில் போன பிள்ளைக்கு உச்சி மதிப்பெண் எட்டாது. என்னிடம் படிக்கும் பிள்ளைகள் வெளியே வந்து "செகண்ட் மாட்யூல் கொன்னுடுச்சு அங்கிள்" என்றால் நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். முழுக்க ஈஸி என்று துள்ளிக்கொண்டு வந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

ஏ.சி.டி. அப்படி ஆளைப் பார்த்து மாறாது. எல்லோருக்கும் ஒரே நேர்க்கோடு. ஆனால் 2025இல் அதன் உடம்பே மாறிவிட்டது. முன்பு 215 கேள்விகள், மூன்று மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. இப்போது ஆங்கிலம் 50 கேள்விகள் 35 நிமிடம், கணிதம் 45 கேள்விகள் 50 நிமிடம், ரீடிங் 36 கேள்விகள் 40 நிமிடம். சயின்ஸ் விருப்பப் பகுதி ஆகிவிட்டது. எடுத்தால் 40 கேள்விகள், 40 நிமிடம். கட்டுரை எப்போதும்போல் விருப்பம்தான்.

ஏ.சி.டி. என்றால் வேகம், எஸ்.ஏ.டி. என்றால் யோசனை என்று ஒரு வாய்பாடு உண்டு. அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய ஏ.சி.டி. ரீடிங்கில் ஒரு கேள்விக்கு 52 வினாடிதான் கிடைத்தது. இப்போது 67. கணிதத்தில் ஒரு நிமிடம் இருந்தது 67 வினாடி ஆகியிருக்கிறது. எஸ்.ஏ.டி.யில் ஆங்கிலக் கேள்விக்கு 71 வினாடி, கணிதக் கேள்விக்கு 95 வினாடி. ஆக, வாய்பாடு முழுப் பொய்யாகிவிடவில்லை, கணிதத்தில் ஏ.சி.டி. இன்னும் விரட்டத்தான் செய்கிறது. ஆனால் படிப்பதில் பழைய மூச்சுத் திணறல் இல்லை. மகளுக்கு ஸ்பீடு பத்தாது, ஏ.சி.டி. பக்கமே போகாதீர்கள் என்று யாராவது சொன்னால், அவர்கள் எந்த வருடத்துத் தேர்வைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. எஸ்.ஏ.டி.யில் 1600இல் 800 கணிதம், சரிபாதி. ஏ.சி.டி.யின் மொத்த மதிப்பெண் ஆங்கிலம், கணிதம், ரீடிங் மூன்றின் சராசரி. கணிதத்தின் பங்கு மூன்றில் ஒன்று, மீதி இரண்டும் மொழி. முன்பு சயின்ஸும் சராசரியில் சேர்ந்தது. படம், அட்டவணை பார்த்துப் பதில் சொல்லும் பிள்ளைகளுக்கு அது கைகொடுத்தது. இப்போது சயின்ஸ் எழுதினாலும் அந்த மதிப்பெண் தனியாக நிற்கும், சராசரிக்குள் வராது. கணக்கில் புலி, வாசிப்பில் சுமார் என்று இருக்கும் பிள்ளைக்கு, நம் வீடுகளில் அது அபூர்வமான ரகம் இல்லையே, எஸ்.ஏ.டி.யின் எடைக்கணக்கு சாதகம். நாவலும் கையுமாக அலைந்துகொண்டு கணக்கென்றால் முகம் சுளிக்கும் பிள்ளைக்கு ஏ.சி.டி. சாதகம். வகுப்பு நடத்துகிறவர்கள் கேள்வி வகைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். என் அனுபவத்தில் இந்த எடைக்கணக்கே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

கணிதப் பாடத்திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். எஸ்.ஏ.டி. இயற்கணிதத்தில் ஊறிக் கிடக்கிறது. வார்த்தையில் சொல்லிச் சமன்பாட்டைப் பிடிக்கவைக்கும் வகை. ஏ.சி.டி. பரப்பாகப் போகும்: திரிகோணவியல் கொஞ்சம் கூட, மடக்கை, அணி என்று அங்கங்கே ஒரு கேள்வி. எஸ்.ஏ.டி. திரையில் வடிவியல் சூத்திரங்களின் பட்டியல் இருக்கும், ஏ.சி.டி.யில் மனப்பாடம்தான். எஸ்.ஏ.டி.யில் டெஸ்மோஸ் என்ற வரைபடக் கால்குலேட்டர் உள்ளேயே இருக்கிறது. இரண்டு சமன்பாட்டைத் தட்டச்சு செய்தால் எங்கே வெட்டுகின்றன என்று கோடு போட்டே காட்டிவிடும். இதில் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் வீம்பு பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கையால் போடுவதுதான் கணக்கு என்று அப்பா வளர்த்திருப்பார், டெஸ்மோஸைத் தொட்டால் குற்றம் செய்த மாதிரி இருக்கும். பத்து வினாடியில் முடிவதைப் பக்கம் முழுக்கப் போட்டு, கடைசி மூன்று கேள்வியைத் தொடாமல் விட்டுவிட்டு வருவார்கள். தேர்வு வரைக்கும் அந்த மரியாதையைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். ஏ.சி.டி.யைக் கணினியில் எழுதினால் அங்கும் டெஸ்மோஸ் உண்டு, தாளில் எழுதினால் சொந்தக் கால்குலேட்டர்.

வாசிப்பில்தான் இரண்டும் இரண்டு ஊர். ஏ.சி.டி.யில் நீளமான பகுதிகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு கொத்துக் கேள்வி. முழுதாகப் படித்து, எது எங்கே இருந்தது என்று நினைவில் வைத்துத் திரும்பிப் போய்த் தேட வேண்டும். எஸ்.ஏ.டி.யில் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக ஒரு குட்டிப் பத்தி, 25 முதல் 150 வார்த்தை. குட்டி என்றதும் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பத்தி பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிதை, அடுத்தது நண்டின் ஓட்டைப் பற்றிய ஆய்வுச் சுருக்கம், அதற்கடுத்தது சரித்திரம். எழுபது வினாடிக்கு ஒரு முறை மனசைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். 'இந்த முடிவை எது பலவீனப்படுத்தும்', 'அடிக்கோடிட்ட வாக்கியம் இந்தப் பத்தியில் என்ன வேலை செய்கிறது' என்ற மாதிரி கேள்விகள். தர்க்கம் இறுக்கமாக வேண்டும்.

என் மகள் ஒரே மூச்சில் நானூறு பக்கம் படிக்கிறவள். ஆனால் குட்டிப் பத்திகளில் எரிச்சலடைந்து, சூடுபிடிக்கும்போது முடிஞ்சுடுதுப்பா என்பாள். நீளமான பகுதி வந்தால் உட்கார்ந்து ரசித்தே படித்துப் பதிலும் போட்டுவிடுவாள். மகனுக்கு நேரெதிர். நீளப் பகுதியின் நடுவில் மனசு ஃபுட்பால் மைதானத்துக்குப் போய்விடும். ஐந்து வரி என்றால் அதற்குள் கவனத்தைப் பிடித்து வைத்துக்கொள்வான். இருவருக்கும் பள்ளி மதிப்பெண் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரிப்போர்ட் கார்டை வைத்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

அதனால்தான் எழுதிப் பார்க்க வேண்டும் என்கிறேன். பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில், இரண்டு வார இடைவெளியில், இரண்டு சனிக்கிழமை காலை. எஸ்.ஏ.டி.க்குக் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் இலவச மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன. அசல் தேர்வும் அதே செயலியில்தான், மாட்யூல் மாறுவது உட்பட எல்லாம் அப்படியே நடக்கும். ஏ.சி.டி.க்கு அவர்கள் தளத்திலேயே இலவச மாதிரி கிடைக்கும். வகுப்பு எதுவும் போகும் முன்பே எழுதட்டும். கேள்வி வகை என்னவென்று அரை மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் போதும். போன் வேறு அறையில், தம்பி டிவி போடக்கூடாது, நேரம் முடிந்தால் முடிந்ததுதான். "இன்னும் ரெண்டு நிமிஷம்மா" என்று கெஞ்சுவாள், விட்டுக்கொடுத்தால் அந்தக் காலைப்பொழுதே வீண்.

இங்கே நான் பண்ணிய ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். ஏ.சி.டி. மாறிய வருடம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு என் அலமாரியில் இருந்த பழைய மாதிரித் தேர்வைக் கொடுத்துவிட்டேன். ஆங்கிலம் 75 கேள்வி, சயின்ஸும் சேர்த்துச் சராசரி. பையன் ரீடிங்கில் நேரம் போதாமல் தொங்கிப்போனான். சயின்ஸ் அதைவிட மோசம். "உனக்கு எஸ்.ஏ.டி.தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாலு மாதம் எஸ்.ஏ.டி.க்கு முட்டி மோதினான். பிறகு பள்ளியில் புது வடிவ ஏ.சி.டி. எழுதியபோது, ஒரு நாள்கூடத் தயார் செய்யாமல், எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைவிட நன்றாக வாங்கிவிட்டான். அவன் அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும் வந்தது. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. நூலகத்தில், பழைய புத்தகக் கடையில், வாட்ஸ்அப்பில் சுற்றும் பி.டி.எஃப்.களில் இருப்பதில் பெரும்பாலானவை பழைய வடிவம்தான். 50, 45, 36 என்ற மூன்று எண்கள் பொருந்தினால் மட்டும் எடுங்கள்.

இரண்டு மதிப்பெண்ணும் வந்ததும் எப்படி ஒப்பிடுவது? 2018இல் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்தே ஒரு ஒப்பீட்டு அட்டவணை வெளியிட்டன. கல்லூரிகள் இன்றும் அதைத்தான் கையில் வைத்திருக்கின்றன. ஏ.சி.டி. 36 என்றால் எஸ்.ஏ.டி. 1570 முதல் 1600. 35க்கு 1530 முதல் 1560. 34க்கு 1490 முதல் 1520. 33க்கு 1450 முதல் 1480. 32க்கு 1420 முதல் 1440. 31க்கு 1390 முதல் 1410. 30க்கு 1360 முதல் 1380. உங்கள் மகள் ஏ.சி.டி.யில் 31, எஸ்.ஏ.டி.யில் 1400 வாங்கினால் சமம். 32க்கு எதிரில் 1390 வந்தாலும் நான் சமம் என்றே எடுத்துக்கொள்வேன். அந்த அளவு வித்தியாசம் காலையில் சரியாகத் தூங்கி எழுந்தாளா என்பதிலேயே வந்துவிடும். 33க்கு எதிரில் 1380 என்றால் பேச்சே இல்லை, ஏ.சி.டி.தான். சமமாக வந்தால் எதை எழுதும்போது எரிச்சல் குறைவாக இருந்தது என்று அவளையே கேளுங்கள். ஆறு மாதம் அதோடு குடித்தனம் நடத்தப்போவது அவள்தான்.

மொத்தத்தை மட்டும் பார்க்காமல் பகுதி மதிப்பெண்ணையும் பாருங்கள், அவள் இன்ஜினியரிங் பக்கம் போவதாக இருந்தால் முக்கியமாக. எம்.ஐ.டி. தன் மாணவர்களைப் பற்றி வெளியிடும் கணக்கில் எஸ்.ஏ.டி. கணிதத்தின் நடுப் பாதி (மேலே கால்பங்கும் கீழே கால்பங்கும் போக மீதிப் பேர்) 780க்கும் 800க்கும் நடுவில் அடைந்துகிடக்கிறது. மொத்தம் 1540 என்றாலும் அதில் கணிதம் 750 என்றால் அங்கே அது வேறு 1540.

ஏ.சி.டி.யின் முழுமையாக்கும் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. 36, 36, 35 வாங்கினால் சராசரி 35.67, அது 36 ஆகிவிடும். 36, 35, 35 வாங்கினால் 35.33, அது 35தான். ஒரே ஒரு பகுதியில் ஒரு புள்ளி, மேலே தெரியும் எண் மாறிப்போகிறது. உச்சிக்கு அருகில் நிற்கும் பிள்ளைக்கு இது லாபமாகவும் முடியும், நஷ்டமாகவும் முடியும். எஸ்.ஏ.டி. பத்துப் பத்தாக ஏறுவதால் இந்தத் தாயவிளையாட்டு அங்கே குறைவு.

சயின்ஸ் எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஏ.சி.டி. பக்கம் முடிவானால், இன்ஜினியரிங், மருத்துவம் என்று போகிற பிள்ளை ஒரு தடவையாவது சயின்ஸோடு எழுதி வைப்பது நல்லது. கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறு, அவள் பட்டியல் முழுசாக முடிவாக இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. பெயர்தான் சயின்ஸ், வேதியியல் மனப்பாடம் அதிகம் தேவைப்படாது. ஆய்வுக்கூடப் பரிசோதனை, வரைபடம், இரண்டு விஞ்ஞானிகளின் வாதம் இவற்றைப் படிக்கத் தெரிகிறதா என்பதுதான் சோதனை.

இரண்டையும் எழுத வைக்கலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். வேண்டாம் என்பேன். பள்ளியில் ஏ.சி.டி. எப்படியும் எழுதத்தான் போகிறாள், அது நடந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இரண்டுக்கும் தயார் செய்வது வேறு விஷயம். வேகம் வேறு, பத்தியின் நீளம் வேறு, கால்குலேட்டர் பழக்கம் வேறு. ஒன்றில் கை பழகும்போது மற்றதில் தடுமாறுவாள். 35உம் 1510உம் வைத்திருக்கும் பிள்ளை கல்லூரிக்கு 35ஐ மட்டும்தான் அனுப்பும். 1510க்குச் செலவழித்த சனிக்கிழமைகளை யாரும் பார்க்கப்போவதில்லை. பதினொன்றாம் வகுப்பில் ஏ.பி. பாடங்களும் ஆர்கெஸ்ட்ராவும் நீச்சலும் போக ஒரு பிள்ளைக்கு எத்தனை சனிக்கிழமை மிஞ்சும்?

தேர்ந்தெடுத்த ஒன்றை இரண்டு தடவை எழுதலாம், மிஞ்சினால் மூன்று. பெரும்பாலான கல்லூரிகள் வெவ்வேறு நாளில் வாங்கிய சிறந்த பகுதி மதிப்பெண்களைச் சேர்த்து 'சூப்பர்ஸ்கோர்' ஆக்கிப் பார்க்கின்றன. முதல் தடவை கணிதம் 790, இரண்டாம் தடவை ஆங்கிலம் 760 என்றால் 1550. ஜார்ஜ்டவுன் மாதிரி சில இடங்கள் எழுதிய எல்லா மதிப்பெண்ணையும் அனுப்பச் சொல்லும். அந்தப் பெயர் பட்டியலில் இருந்தால் சும்மா எழுதிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். 1540, 1550 வந்துவிட்டால் அத்தோடு நிறுத்துங்கள். 1580க்காக நாலாவது முறை உட்கார வைக்கும் பெற்றோரை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த ஆகஸ்டில் விண்ணப்பக் கட்டுரையை உட்கார்ந்து எழுதியிருந்தால் உருப்படியாக இருந்திருக்கும்.

டெஸ்ட் ஆப்ஷனல் கல்லூரிக்கு மதிப்பெண்ணை அனுப்பலாமா வேண்டாமா என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகள் வருடா வருடம் 'காமன் டேட்டா செட்' என்று ஒரு ஆவணம் வெளியிடும். அதில் சி9 என்ற பகுதியில் சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண் கொடுத்தார்கள், அவர்களின் நடுப் பாதி எங்கிருந்து எங்கே என்று இருக்கும். அந்த வரம்புக்குள் வந்தால் அனுப்புங்கள். கொஞ்சம் கீழே இருந்தாலும் அவசரப்பட்டு மறைத்துவிட வேண்டாம். மதிப்பெண் கொடுத்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட எண் அது, அதனால் உயரமாகத்தான் தெரியும். டார்ட்மத் மறுபடி கட்டாயமாக்கியதற்கு ஒரு காரணமே, வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த பிள்ளைகள் தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணை அனுப்பாமல் விட்டார்கள் என்று அவர்கள் பேராசிரியர்களே ஆராய்ந்து சொன்னதுதான்.

எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமாகப் பள்ளியில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது. நேஷனல் மெரிட் உதவித்தொகைக்குப் பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பி.எஸ்.ஏ.டி.தான் வழக்கமான வாசல், ஏ.சி.டி.யில் 36 வாங்கினாலும் அந்தக் கதவு திறக்காது. மாநிலம் ஏ.சி.டி.க்கு மாறிவிட்டதால் உங்கள் பள்ளி அதைத் தானாக நடத்தும் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். ஆகஸ்டிலேயே கவுன்சலரைக் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். உதவித்தொகைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கப் பயன்படும் குறியீட்டெண்ணில் ஆங்கிலப் பகுதிக்கு இரட்டை எடை, கணிதத்துக்கு ஒற்றை. கணக்குப் புலிகள் இதில் வழுக்கி விழுவது வழக்கம்.  எச்-4இல், அதாவது வேலை விசாவில் வந்தவரோடு வந்த குடும்ப விசாவில், இருப்பவர்கள் குடியுரிமை பற்றிய இப்போதைய விதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

இதை வைத்து உங்கள் மகளுக்கு நான் போடும் நாட்காட்டி: இந்தக் கோடையில் இரண்டு மாதிரித் தேர்வும் முடிவும். எஸ்.ஏ.டி. என்றால் அக்டோபர் பி.எஸ்.ஏ.டி.க்குப் படிப்பதே அதற்கும் தயாரிப்பு. டிசம்பரிலோ மார்ச்சிலோ முதல் முறை எழுதட்டும். ஏ.சி.டி. என்றால் பிப்ரவரியில் ஒரு முறை, பிறகு பள்ளியில் நடப்பது இரண்டாம் முறை. மே மாதத்தில் ஏ.பி. தேர்வுகள் வந்து கழுத்தைப் பிடிக்கும், அதற்குள் ஒரு மதிப்பெண் கையில் இருந்தால் நிம்மதி. பன்னிரண்டாம் வகுப்பு தொடக்கத்தில் ஆகஸ்ட், செப்டம்பர் தேர்வுகள் கடைசிக் கைத்தடி. முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள்.

பயிற்சி வகுப்புக்கு உடனே பணம் கட்டாதீர்கள். கான் அகாடமி என்ற இணையதளத்தில் எஸ்.ஏ.டி.க்குக் காலேஜ் போர்டோடு சேர்ந்து செய்த பயிற்சி இலவசம். இரண்டு மாதம் அதைச் செய்துவிட்டு எந்த இடத்தில் தேங்குகிறாள் என்று தெரிந்த பிறகு, அந்த இடத்துக்கு மட்டும் ஆள் வைத்தால் போதும். கவனக்குறைவுக் கோளாறு மாதிரி ஏதாவது இருந்து பள்ளியில் கூடுதல் நேரம் வாங்குகிறாள் என்றால், தேர்வுக்கும் அதே சலுகைக்கு மனுப்போட வேண்டும். இரண்டு நிறுவனங்களுக்கும் தனித்தனி விண்ணப்பம், பதிலுக்கு வாரக் கணக்கில் ஆகும். கூடுதல் நேரம் கிடைத்தால் ஏ.சி.டி.யின் அவசரம் பெரிய அளவு கரைந்துபோகும், அப்போது மாதிரித் தேர்வையும் அந்த நேரக் கணக்கிலேயே எழுத வையுங்கள்.

இன்னும் ஒரே ஒரு சின்ன விஷயம். எஸ்.ஏ.டி. பக்கம் முடிவானால் எந்தக் கணினியில் எழுதுவாள் என்று இப்போதே பாருங்கள். விண்டோஸ், மேக், ஐபேட் சரி. குரோம்புக் என்றால் பள்ளி நிர்வகிப்பதாக இருக்க வேண்டும், கடையில் வாங்கிய சொந்தக் குரோம்புக்கில் புளூபுக் ஓடாது. போன வருடம் ஒரு அப்பா தேர்வுக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு இதைக் கண்டுபிடித்து, என் ஆபீஸ் லேப்டாப்பைக் கேட்டு வந்து நின்றார். அது என் கம்பெனிப் பூட்டுப் போட்டது, அதிலும் செயலி ஏறவில்லை. கடைசியில் அந்தப் பெண் எதிர்வீட்டுப் பையனின் ஐபேடில் எழுதிவிட்டு வந்தாள்.